சதங்கை சொல்லும் சரித்திரம்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நம் முன்னோர் வகுத்தனர். மனிதனுடைய குரலையும் மிடற்றுக்கருவி என்று ஐந்தாவதாக வைத்து எண்ணினர். இவ்வகுப்பினுள் காலிற் கட்டும் சதங்கைக்கு இடம் எங்கே என்று கேட்டால், வெண்கலத்தால் ஆனமையின் அது கஞ்சக்கருவியைச் சாரும் என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆயினும் தாளத்துக்கும் சதங்கைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தாளத்தைக் கையில் எடுத்து வாசிக்கலாம். வாசித்து முடிந்ததும் கீழே வைத்துவிடலாம். சதங்கையையோ உடம்பில் அணிந்துகொள்ள வேண்டும். அணிந்த பின்னர் அதனை வாசிப்பது கையன்று. நடையும் துள்ளலும் நிற்கும் நிலையுமே அதனை வாசிக்கின்றன. அணியாகவும் கருவியாகவும் ஒருங்கே விளங்கும் இத்தகைய பொருள்கள் தமிழர் வாழ்வில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. அவற்றின் வரலாற்றை ஆராய விரும்புவோர்க்கு ஈழத்தின் கிழக்குக் கரையில் உள்ள வெருகல் ஏற்றதோர் இடமாகும்.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து திருகோணமலைக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. அதனின்று பிரிந்த கிளையொன்று வெருகலாறு என்னும் பெயருடன் கடலை அடைகிறது. திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லையாக நிற்பது இவ்வாறே. ஆற்றங்கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில் அமைந்துள்ளது. பாலம் அமையும் வரை இவ்விடத்தில் ஆற்றைக் கடப்பதற்குப் பாதையையே மக்கள் நம்பியிருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டமும் திருகோணமலை, மூதூர் வழியாக வந்து இக்கோயிலில் தங்கிச் செல்வது வழக்கம். ஆவணியை ஒட்டி நடைபெறும் ஆண்டுத் திருவிழாவுக்கு ஆற்றின் இருபுறத்து ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். முருகனையும் வள்ளியையும் தம் குலத்தோடு சேர்த்துப் போற்றும் வேடர் வழிவந்தோரும் இக்கரையோரத்தில் வாழ்கின்றனர்.

இக்கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயில் மதிலைக் கட்டுவித்த திருப்பணியை அது கூறுகிறது; கயிலை வன்னியனார் என்பவரது பெயர் அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் இத்தலத்து முருகன்மீது காதற் பிரபந்தம் ஒன்று பாடினார். எனவே மதில் எடுத்தவரின் பெயரைக் கல் காத்தது. தலத்தின் புகழை ஏடு காத்தது. ஆனால் இதே வீதிகளிலே காவடி எடுத்துச் சதங்கை கட்டி ஆடியவர்களின் அடிகளைக் கல்லும் காக்கவில்லை, ஏடும் காக்கவில்லை. ஒருவர் காலைப் பார்த்து இன்னொருவர் கால் கற்றுக்கொண்டமையாலேயே அவை இன்றுவரை வந்து சேர்ந்துள்ளன. சதங்கையின் சரித்திரத்தை எழுதுவதில் உள்ள அருமையும் அதுவே. அதன் பெருமையும் அதுவே.

காலிற் கட்டும் இசை அணிகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. குழந்தைக்குக் கிண்கிணியும் தண்டையும், மகளிர்க்குச் சிலம்பும் பாடகமும், வீரர்க்குக் கழல், ஆடுவோர்க்குச் சதங்கை என்று வழங்கின. இவற்றுட் சிறப்பாக இருவகை அமைப்புகளைக் காணலாம். ஒன்று சதங்கை. சிறிய உருண்டையான வெண்கலக் கூட்டினுள்ளே ஒரு மணி கிடக்கும். கூட்டின் அடியிலே ஒரு பிளவு இருக்கும். கால் அசையும்போது உள்ளிருக்கும் மணி கூட்டின் சுவரை மோதுகிறது. பிளவு இருப்பதனாற் கூடு அதிர்ந்து ஒலி வெளிப்படுகிறது. இத்தகைய மணிகளை வரிசையாகக் கோத்துத் தோலிலோ துணியிலோ தைத்துக் கணுக்காலுக்கு மேலே இறுகக் கட்டுவர். மற்றொன்று சிலம்பு. அது உள்ளே வெறுமையாகிய குழல் வளையம். அதனுள் பரல்கள் இடப்பட்டிருக்கும். சதங்கை காலை இறுகப் பற்றியிருப்பதால் மிதித்த அக்கணமே ஒலிக்கும். சிலம்பிலோ பரல்கள் வளையத்தினுள் உருண்டோடிச் சேர்வதற்குச் சிறிது பொழுது செல்லும். ஆகவே முன்னதன் ஒலி துண்டு துண்டாகவும், பின்னதன் ஒலி இழைந்தும் கேட்கும். தாளத்தைக் கணக்காகக் காட்ட வேண்டிய கூத்துக்குச் சதங்கையும், தெய்வம் வருவதை அறிவிக்கும் சடங்குக்குச் சிலம்பும் ஏற்றனவாக அமைந்தமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணம் எனலாம்.

சிலம்பு என்றதும் தமிழர் எவர்க்கும் கண்ணகியின் நினைவு வருதல் இயல்பு. பாண்டியன் அவையிலே வழக்குத் தீர்ந்தது சிலம்பின் பரலைக் கொண்டேயாகும். கோப்பெருந்தேவியின் சிலம்பிலே முத்தும், கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கமும் பரலாக இருந்தன. புறத்தோற்றத்தில் ஒத்திருந்த இரண்டு அணிகளும் அகத்தே வேறாயிருந்தன. முத்தின் ஒலியும் மாணிக்கத்தின் ஒலியும் ஒன்றாயிருத்தல் அரிது. அணிந்து நடந்தவளுக்குத் தன் சிலம்பின் ஓசை பழகியிருக்கும். பொன்னையும் வேலைப்பாட்டையும் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஓர் இசை அணியின் உண்மை அதன் உள்ளே இருக்கிறது என்பதை நம் காப்பியக் கதை இவ்வாறு காட்டி நிற்கிறது.

கண்ணகி வழிபாடு ஈழத்தின் கிழக்குப் பகுதியில் வேரூன்றியுள்ளது. மட்டக்களப்பு ஊர்களிலும் திருகோணமலைப் பகுதியில் பாலம்போட்டாறு போன்ற இடங்களிலும் அம்மன் கோயில்கள் உள்ளன. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசியிலே சடங்கு தொடங்கும். கண்ணகி வழக்குரை படிக்கப்படும். குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறும். அங்கே சிலம்பு காலில் இருப்பதில்லை. பெரிய வெண்கலச் சிலம்புகள் கையில் ஏந்தி அசைக்கப்படுகின்றன. கால் அணியாயிருந்த பொருள் அம்மனுடைய பொருளாயிற்று; அம்மனுடைய பொருளை மனிதர் காலில் அணிதல் தகாது; எனவே அது கைக்கு ஏறிற்று. இடம் மாறிய பின்னும் அதனை ஒலிப்பிப்பது உடம்பின் அசைவே. உடுக்கும் சிலம்பும் சேர்ந்து ஒலிக்க, உரு வந்து ஆடுவோரின் நடுக்கமே அங்கே தாளமாகிறது.

இவ்வழக்கம் தமிழரோடு நின்றுவிடவில்லை. சிங்கள மக்கள் கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என்று வழிபடுகின்றனர். அவர்களது சடங்கிலும் பத்தினியின் சிலம்புக்குச் சிறப்பிடம் உண்டு; அதனைச் சலம்ப என்று அவர்கள் வழங்குவர். கண்டிய நடனத்தில் வெஸ் அணி தரித்து ஆடுவோர் காலில் அணியும் ஒலியணிக்கும் சிலம்பு என்னும் பெயரே வழங்குகிறது. மொழியால் வேறுபட்ட இரு மக்கட் கூட்டத்தார் ஒரே தெய்வத்தின் காலணியை ஏறக்குறைய ஒரே சொல்லால் அழைப்பது சிந்திக்கத்தக்கது. சொற்கள் வணிகர் வாயிலாகவும் வரலாம். புலவர் வாயிலாகவும் வரலாம். ஆடும் முறை பரவுவதற்கு ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே களத்தில் நின்றிருத்தல் வேண்டும்.

வடமொழி நூல்களும் இக்கருவியை மறந்தனவல்ல. நந்திகேசுவரர் பெயரால் வழங்கும் அபிநய தர்ப்பணம், ஆடுவோர் அணியும் கிண்கிணிக்கு இலக்கணம் கூறுகிறது. மணிகள் வெண்கலத்தால் ஆகியிருத்தல் வேண்டும். நீலக் கயிற்றிலே முடிச்சிட்டுக் கோத்தல் வேண்டும். ஒரு காலுக்கு நூறு அல்லது இருநூறு மணிகள் கட்டுதல் வேண்டும் என்பது அதன் விதி. முடிச்சு இடுவதன் பயன் எளிதில் விளங்கும். மணியும் மணியும் ஒன்றையொன்று நெருக்கினால் ஓசை மழுங்கும்; இடைவெளி இருந்தால் ஒவ்வொன்றும் தனித்து ஒலிக்கும். இந்நூலை 1917ஆம் ஆண்டில் ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்த இருவருள் ஒருவர், 1877இல் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பது ஈழத்தவர்க்குப் பெருமை தருவதாகும்.

இனி, கூத்துக்கு வருவோம். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகள் மட்டக்களப்பில் வளர்ந்தன. வெருகலாற்றுக்கு வடக்கே கொட்டியாரப் பற்று ஊர்களிலும் கூத்து மரபு உண்டு. கூத்துப் பழகுவதற்கென ஒழுங்கான படிமுறை ஒன்று இருந்தது. முதலிலே சட்டம் கொடுத்தல். இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவர்க்குரிய பாட்டுகளை நல்ல நாளிற் கொடுப்பர். அதன்பின் ஆட்டம் பழகத் தொடங்குவர். இரவில் உணவு முடிந்த பின் ஊர்வெளியிற் கூடுவர். அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார். வீசாணம், எட்டு, நாலடி முதலிய ஆட்டங்களைக் கால் படியும்வரை திருப்பித் திருப்பிப் பழக்குவார். இந்த நாட்களில் ஒருவர் காலிலும் சதங்கை இராது.

ஆட்டம் ஓரளவு படிந்த பின்னரே சதங்கை அணிதல் என்னும் நிகழ்ச்சி நடைபெறும். அதற்கும் நாள் பார்ப்பர். கும்பம் வைத்துச் சதங்கைகளைப் பூசையில் இடுவர். அண்ணாவியாரை வணங்கி அவரிடமிருந்து சதங்கையைப் பெற்று ஆட்டக்காரர் அணிந்துகொள்வர். ஊரார் வந்து பார்ப்பர். தொடர்ந்து கிழமைக் கூத்து நடைபெறும், பின்னர் அடுக்குப் பார்த்தல், இறுதியாக அரங்கேற்றம். வட்டக் களரியிலே இரவு முழுவதும் ஆடி விடியும்போது கூத்து நிறைவுறும்.

பழகத் தொடங்கிய நாளிலேயே சதங்கையைக் கொடுக்காமல் இத்தனை காலம் காத்திருக்கச் செய்தமைக்குப் பயபக்தி மட்டும் காரணமன்று. சதங்கை பிழையை மறைக்காத கருவி. வெறுங்கால் பிழைபட்டால் அருகில் நிற்பவர் மாத்திரமே காண்பார். சதங்கை கட்டிய கால் பிழைபட்டாலோ களரியைச் சுற்றியுள்ள அனைவரும் கேட்பர். மத்தளத்தின் சொற்கட்டு ஒருபுறம், சல்லரித் தாளம் ஒருபுறம், இவ்விரண்டுக்கும் சாட்சியாகச் சதங்கை. பத்துப்பேர் சேர்ந்தாடும்போது பத்துச் சோடிச் சதங்கைகளும் ஒரே மிதியில் ஒலிக்க வேண்டும். பயின்ற அண்ணாவியார் கண்ணை மூடியிருந்தாலும், எவன் கால் முந்தியது, எவன் கால் பிந்தியது என்று செவியாலேயே அறிந்துகொள்வார். தீப்பந்தமும் எண்ணெய் விளக்கும் மட்டும் இருந்த காலத்தில் களரியின் ஓரத்தில் இருந்தவர்களுக்கும் ஆட்டத்தின் நுட்பத்தைக் கொண்டு சேர்த்தது அவ்வொலியே. இதன் நியாயத்தை வானொலி நேயர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முகம் காணாமல் ஓசையொன்றையே கொண்டு ஆளை அறியும் பழக்கம் அவர்களுக்கு உண்டு.

அரங்கேற்ற நாளில் வடமோடி அரசன் அணியும் உடை பாரமானது. தலையிலே முடி, தோளிலே புயவணி, இடையிலே விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, காலிலே சதங்கை. உடையின் பாரம் நடையை மாற்றும். நடை மாறினால் சதங்கையின் ஒலியும் மாறும். இதனால் மெலிந்த ஓர் உழவன் அன்றிரவு அரசனுக்குரிய கனத்த ஒலியோடு களரிக்குள் வருவான். உடம்பை வைத்து வாசிக்கும் கருவிக்கு உடையும் ஓர் உறுப்பாகிவிடுகிறது. வசந்தன் ஆடும் சிறுவர்க்கோ இப்பாரம் இல்லை. கையிற் கோலும் காலிற் சதங்கையுமாகத் துள்ளி ஆடுவர். கோலோடு கோல் மோதும் ஓசையும் சதங்கை ஓசையும் மாறிமாறி வரும். இவ்வாடலுக்குரிய பாட்டுகளை 1940ஆம் ஆண்டில் தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு என்னும் பெயரால் அச்சிட்டு உதவினார். பாட்டை அச்சிட இயன்றது. ஆட்டத்தை அவ்வாறு அச்சிட எவராலும் இயலாது.

காலோடு சேர்த்துக் கையின் தொடுகையால் உயிர்பெறும் கருவிகளையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். அண்ணாவியார் மத்தளத்தை இடையிற் கட்டிக்கொண்டு நின்றபடியே வாசிப்பார். ஆட்டக்காரரோடு தாமும் நகர்வார். உடுக்கையின் வேலைப்பாடு இன்னும் நுட்பமானது. நடுவே ஒடுங்கிய உடுக்கையை ஒரு கையாற் பற்றி, இரு முகங்களையும் இணைக்கும் கயிறுகளை நெருக்கியும் தளர்த்தியும் மறுகையால் வாசிப்பர். கயிறு நெருங்கினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். பற்றிய கையின் அழுத்தமே சுருதியை நிர்ணயிக்கிறது. உடுக்கு அழுவது போலவும் அதட்டுவது போலவும் கேட்பதற்கு இதுவே காரணம்.

சதங்கை எல்லாக் காலத்திலும் ஒரே மதிப்போடு இருந்ததில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களிலே சதங்கை கட்டி ஆடிய தேவதாசியரின் கலையைச் சமூகம் ஒரு காலத்தில் இழிவாக நோக்கியது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. அதற்கு முன்னரே, 1935இல் ருக்மிணி தேவி சென்னை அடையாற்றிலே அரங்கேறியதைத் தொடர்ந்து அக்கலை வேறு குடும்பத்துப் பெண்களிடமும் சென்று சேர்ந்தது. பின்னர் ஈழத்துப் பாடசாலைகளிலும் பரதநாட்டியம் பயிலும் சிறுமியர் சலங்கைப் பூசை செய்து அரங்கேறத் தொடங்கினர். அணிந்தவர் யார் என்பதை வைத்து அணியை மதித்ததும் இகழ்ந்ததும் உலகத்தின் குறை, சதங்கையின் குறையன்று.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. இங்கிலாந்திலே மொறிஸ் என்னும் கிராமிய ஆட்டக்காரர் முழங்காலுக்குக் கீழே மணிகள் கட்டி ஆடுவர். சேக்சுபியரின் நாடகக் குழுவில் இருந்த வில் கெம்ப் என்னும் நகைச்சுவை நடிகர் 1600ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து நொறிச் நகர் வரை இவ்வாறு ஆடிக்கொண்டே சென்றார். ஆடிய நாட்கள் ஒன்பது. தென்னாபிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் தாம் அணிந்த இறப்பர்ச் சப்பாத்துகளைக் கையால் அறைந்து தாளம் எழுப்பினர். அதுவே ஓர் ஆட்டமாக வளர்ந்தது. அமெரிக்காவிலே 1946ஆம் ஆண்டில் கிளிப்டன் செனியர் என்னும் இசைக்கலைஞரின் எண்ணப்படி, வில்லி லான்றி என்பவர் மடிப்புத் தகட்டால் மார்புக் கவசம் போன்ற கருவியைச் செய்தார். தோளில் மாட்டிக்கொண்டு உலோகத் துண்டுகளால் தேய்த்து அதனை வாசிப்பர்.

மின்னணுக் காலம் வந்ததும் இதே எண்ணம் புதிய வடிவம் எடுத்தது. 1984இல் நெதர்லாந்தில் மிக்கேல் வைஸ்விஸ் இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் கருவியொன்றை மேடையில் வாசித்தார். 1991இல் லெட்டீசியா சோனாமி கையுறையில் உணரிகளைப் பொருத்தினார். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜோசப் பரடிசோவும் அவருடன் சேர்ந்தோரும் நடனக்காரரின் சப்பாத்தினுள் உணரிகளை அமைத்து, மிதியையும் சாய்வையும் இசையாக்கினர். நம் சதங்கை நெடுங்காலமாகச் செய்துவரும் தொழிலை அச்சப்பாத்து மின்சாரத்தின் உதவியாற் செய்தது. இரண்டிலும் கேள்வி ஒன்றே: கருவியை அணிவதற்கு ஒரு நொடி போதும், அதனை அணியத் தகுந்த உடம்பை ஆக்குவதற்கு எத்தனை காலம்?

இங்கே விபுலாநந்த அடிகளாரை நினைத்தல் தகும். காரைதீவிலே 1892இல் பிறந்து, திருகோணமலையிலும் கல்விப்பணி ஆற்றிய அப்பெரியார், வழக்கொழிந்த பழந்தமிழ் யாழை நூல்களிலிருந்து மீட்டெடுக்க முயன்றார். அவரது யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். யாழுக்கு நூற்சான்று இருந்தது; வாசிப்போர் தொடர்ச்சி அறுந்துவிட்டது. ஆகவே பேரறிஞர் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு வேண்டியதாயிற்று. கூத்துச் சதங்கைக்கோ வாசிப்போர் இன்னும் இருக்கின்றனர். தொடர்ச்சி அறுந்தபின் மீட்பதற்கு அத்தகைய நூற்சான்று இல்லை.

அறுந்துபோகும் அச்சம் வெறுங் கற்பனையன்று. 2004ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோள் இக்கரையைத் தாக்கியது. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் மூண்டபோது வெருகல், ஈச்சிலம்பற்று மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கத்துக்கும் இடம்பெயர்ந்தனர். இடம்பெயர்வோர் ஒரு சோடிச் சதங்கையை மூட்டையில் முடிந்து கொண்டுபோதல் கூடும். ஆனால் கூத்துப் பழகுவதற்கு வேண்டிய மாதக்கணக்கான இரவுகளை மூட்டையில் முடிய இயலாது. அஞ்சாமல் ஊர்வெளியிற் கூடும் இரவு, அறுவடை முடிந்த ஓய்வு, அடுத்த வீட்டுக்காரனே அரசனாகவும் மந்திரியாகவும் வரும் அயல், இவையெல்லாம் சேர்ந்தாலன்றிக் கூத்து இல்லை. மக்கள் மீண்டு வந்த பின்னரும் அந்த அயலை முன்போல் ஆக்குவதற்கு ஆண்டுகள் செல்லும்.

அமைதிக் காலத்திலும் வேறொரு நெருக்கடி உண்டு. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை நவீன மேடைக்கு ஏற்ப ஆக்கினார். விடிய விடிய ஆடிய கூத்து சில மணி நேரத்துள் அடங்கியது. அதனாற் கூத்தின் மதிப்பு உயர்ந்தது. கற்றோரும் அதனைக் கலையென்று ஏற்றனர். கிராமத்து அண்ணாவிமாரை அழைத்து, அவரிடமிருந்து ஆட்டத்தை முறையாகக் கற்பித்த பின்னரே அச்சுருக்கம் செய்யப்பட்டது. இன்று தமிழ்த்தினப் போட்டிகளிலே பாடசாலை மாணவர் நாட்டுக்கூத்து ஆடுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் போட்டிக்குக் குறித்த நேரம் சிறிது. பழகும் காலம் அதனினும் குறுகிவிடுகிறது. முதல் நாளிலேயே சதங்கையைக் கட்டிவிட்டு, ஒலிநாடாவைக் கேட்டு ஆடப் பழகும் பிள்ளைக்குச் சதங்கை அலங்காரமாக மாத்திரமே அமையும். தன் பிழையைத் தன் காலிலேயே கேட்டுத் திருத்தும் வாய்ப்பை அப்பிள்ளை இழந்துவிடுகிறது.

பரிகாரம் அரிதன்று. போட்டி வருமுன்னரே பருவம் முழுவதும் ஊர் அண்ணாவியாரைப் பாடசாலைக்கு அழைத்துக் கிழமைதோறும் ஆட்டம் பழக்கலாம். அவர் செய்யும் வேலைக்குரிய ஊதியத்தையும் ஆசிரியருக்குரிய மதிப்பையும் அவருக்கு அளித்தல் வேண்டும். சட்டம் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரையுள்ள படிமுறையைச் சுருக்கினாலும் அதன் ஒழுங்கை மாற்றாதிருத்தல் வேண்டும். அவர் கால் ஆடுவதைப் படம்பிடித்து வைத்தல் நன்று. அதனைப் பார்த்து ஒரு பிள்ளையின் கால் ஆடப் பழகுதல் அதனினும் நன்று. அரும்பொருட் சாலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த சதங்கை களிம்பேறாமல் இருக்கலாம். அதன் ஒலியை அறிய அங்கே வழியில்லை.

வெருகற் கோயில் மதிலைக் கட்டியவர் செய்த திருப்பணி கல்லில் நிற்கிறது. அம்மதிலின் வெளியே, திருவிழா நாளில், ஆற்றங்கரை மணலில் ஆடும் சிறுவனின் காலடி அடுத்த காற்றில் அழிந்துவிடும். அவ்வடியை அவனுக்குப் பழக்கியவரும், அவனிடமிருந்து இனிப் பழகப்போகும் சிறுவனும் இருக்கும் வரையில், சதங்கைக்கு வேறு கல்வெட்டு வேண்டியதில்லை.